பச்சைக் கம்பளிக் கதவு

என் தங்கை இமோஜன் எந்த வீட்டுக்குள் போனாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். திருடுவாள் என்று சொல்லவில்லை. கண்ணாலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். திரைச்சீலையின் மடிப்போ, கைப்பிடியின் வளைவோ, சுவரில் பாதி உயரம் ஓடும் மரப்பலகையோ, அவள் கண்ணில் பட்டால் போதும், சீக்கிரமே அது வேறு யாருடைய வரவேற்பறையிலாவது வந்து உட்கார்ந்திருக்கும். அதுதான் எங்கள் பிழைப்பு. லெட்பரி கடைத்தெருவுக்குப் பின்னால் சின்ன இடம் ஒன்று வைத்திருக்கிறோம். வீடுகளின் உள்ளறைகளை அவள் வரைந்து கொடுப்பாள். திரைகளையும் நாற்காலி உறைகளையும் நான் தைப்பேன். அவளுக்குக் கற்பனை, எனக்குக் கத்தரிக்கோல் என்று அவள் கணவன் ஃப்ரேசர் சொல்வான். கேலிதான், ஆனால் பொய்யில்லை.

ஊருக்குக் கனவு வீடு கட்டிக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று வீடு வாங்க நாற்பது வயது ஆனது. எட்வர்ட் மன்னர் காலத்தில், நூறு வருஷத்துக்கும் முன்னால், ஒரு மருத்துவர் மால்வர்ன் மலையடியில் கட்டிய வீடு அது. சிவப்புச் செங்கல், நீளமான நடை, பின்பக்கம் ஈரம் கோத்த சுவர்கள். அதை அந்தக் காலத்தில் இருந்தபடியே மீட்டெடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. முடிந்ததும் வந்து படமெடுத்துப் போடுவதாக ஒரு பெரிய பத்திரிகையும் சொல்லியிருந்தது. இமோஜனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படித்தான் ஹாலம்கோட் மாளிகைக்குப் போனோம். பொத்தான் செய்து பணக்காரனான ஒருவன் அந்தக் காலத்தில் கட்டியது. அவன் வம்சம் நொடித்துப்போய், இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். தூறலான ஞாயிற்றுக்கிழமை. நான், இமோஜன், அவள் மகள் ஃப்ளோரா. ஃப்ளோராவுக்கு நான்கு வயது. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவள் தொண்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சந்தோஷமானாலும் கத்துவாள், கோபமானாலும் கத்துவாள், காலுறை கசங்கியிருந்தாலும் கத்துவாள். தெருமுனையில் நிற்கும் தபால்காரர், வீட்டுக்காரர்கள் இருக்கிறார்களா என்று அவள் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வார். எனக்கு அவள் சத்தம் பிடிக்கும். பிள்ளை பெறாதவள் என்பதால் எனக்கு அது அலுக்கவில்லை என்று இமோஜன் சொல்வாள்.

மாளிகையில் கயிறு கட்டிய இடத்துக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். இமோஜன் கயிற்றின் மேல் சாய்ந்து சாய்ந்து பார்த்தாள். வரவேற்பறையின் வெளிர்பச்சை அவளுக்குப் பிடித்தது. மாடியில் பிள்ளைகள் அறை இன்னும் பிடித்துப்போனது. வெள்ளைச் சுவர், ஜன்னலுக்கு வெள்ளைக் கம்பிகள், கணப்புக்கு முன்னால் இடுப்புயரப் பித்தளை அடைப்பு, ஒரு மூலையில் சாயம் போன மரக்குதிரை. எல்லாம் சுத்தமாக, அமைதியாக, யாருமே வளராத இடம் போல இருந்தது. நான் முதல் ஆளாக அங்கிருந்து நகர்ந்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

பிள்ளைகள் பகுதி தொடங்கும் இடத்தில், நடையின் குறுக்கே அந்தக் கதவு இருந்தது. பச்சைக் கம்பளித் துணி போர்த்தி, ஓரமெல்லாம் பித்தளை ஆணி வரிசை. அங்கே நின்ற வழிகாட்டி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெல்லமி என்பவர், அதைச் சொந்தப் பிள்ளையைப் போலத் தட்டிக் கொடுத்தார். துணிக்கு அடியில் குதிரைமயிர் அடைத்திருக்கிறதாம். சமையல்காரர்களின் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் எசமானர்கள் இருக்கும் பக்கம் வராமலிருக்க அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் எல்லாம் இப்படி வைப்பார்களாம். பிள்ளைகள் நாள் முழுக்க இந்தப் பக்கம் இருப்பார்கள். சாயங்காலம் தேநீர் முடிந்து ஐந்து மணிக்கு மணியடித்ததும், முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, தாயும் தகப்பனும் இருக்கும் வரவேற்பறைக்கு ஒரு மணி நேரம் அழைத்துப் போவார்களாம். பிறகு மறுபடியும் இந்தப் பக்கம்.

"பாப்பா, நீ உள்ள போயி தொண்ட கிழிய கத்து பாக்கலாம். நாங்க கேக்குதான்னு சொல்றோம்" என்றார் பெல்லமி.

ஃப்ளோராவுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஓடினாள். கதவு மூடியது. நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். எங்கோ ஒரு கடிகாரம் ஓடியது, கீழே யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். எனக்கு ஏனோ பதற்றமாகி, போதும் திறங்கள் என்றேன். கதவைத் திறந்தால் பிள்ளை முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறாள். கண்ணில் நீர். கேட்டதா என்று மூச்சு வாங்கக் கேட்டாள். கேட்கவே இல்லையே என்று பெல்லமி கைகொட்டிச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஃப்ளோரா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, உனக்குக்கூடவா கேட்கவில்லை என்றாள். இமோஜன் கவனிக்கவில்லை. அவள் ஆணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை விரலால் அளந்துகொண்டிருந்தாள்.

பிறகு தேநீர் அறையில் உட்கார்ந்தபோது அவள் வாயே திறக்கவில்லை. காகிதத் துண்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். அவள் வாயடைத்துப் போனால் எங்கோ சுவர் இடிபடப் போகிறது என்று அர்த்தம்.

காரில் வரும்போதுதான் சொன்னாள். பின்சீட்டில் ஃப்ளோரா தூங்கிப்போயிருந்தாள்.

"அந்தக் கதவு நம்ம வீட்டுக்கு வேணும்க்கா."

"எதுக்கு? உன் வீட்ல எத்தன சமையல்காரங்க இருக்காங்க?"

"கிண்டல் பண்ணாத. மாடி நடைக்குக் குறுக்க வச்சா எவ்ளோ அழகா இருக்கும்னு யோசிச்சுப் பாரு. இன்னொண்ணு, அவங்க பண்ணதுல ஒரு நியாயம் இருக்கு. நான் நாள் பூரா இவகூடத்தான் இருக்கேன். ஆனா ஒரு கண்ணு போன்ல, ஒரு கண்ணு வேலையில. இவளுக்கு முழுசா எப்ப இருந்திருக்கேன் சொல்லு? அவங்க ஒரு மணி நேரம் குடுத்தாங்க, ஆனா முழுசா குடுத்தாங்க."

"மிச்ச இருபத்து மூணு மணி நேரம்?"

நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ஆபத்தாகப் போய்விட்டது. சுத்த முட்டாள்தனமாக இருந்திருந்தால் ஃப்ரேசரே தடுத்திருப்பான்.

ஒரு பாதிரியார் வீட்டை இடித்தபோது அங்கிருந்து கதவு வந்தது. கம்பளி அந்துப்பூச்சி அரித்துக் கந்தலாகிப் போயிருந்தது. அதைக் கிழித்தெறிந்து, உள்ளே புதிதாகக் குதிரைமயிர் திணித்து, பச்சைத் துணியை இழுத்துக் கட்டி ஆணி அடித்தது நான்தான். அது என் வேலை. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. அதனால்தான் அந்தக் கதவு எவ்வளவு சத்தத்தைக் குடிக்கும் என்று அந்த வீட்டில் இருந்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அறையும் அப்படியே தயாரானது. ஹாலம்கோட்டின் வெள்ளை, ஹாலம்கோட்டின் ஜன்னல் கம்பிகள், ஏலத்தில் பிடித்த பித்தளை அடைப்பு, மரக்குதிரை. பிளாஸ்டிக் பொம்மைகள் எல்லாம் பெட்டியில் போய் மாடிப்பரணுக்கு ஏறின. பிள்ளை அழுதால் கீழே கேட்பதற்கென்று ஒரு கருவி இருந்ததே, வெள்ளை பிளாஸ்டிக், பச்சை விளக்கு எரியும். அது அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லையாம். இழுப்பறைக்குள் போட்டாள். நான்கு வயதுக்கு அது எதற்கு என்றாள்.

முதலில் மதியத் தூக்கத்துக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. சாப்பாடு முடிந்ததும் ஃப்ளோராவைக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டு மூடுவார்கள்; அந்தக் கனத்தை அவளால் தள்ளித் திறக்க முடியாது. இமோஜன் கீழே வேலை பார்ப்பாள். ஃப்ரேசர் வழக்கறிஞர், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. கோடை வருவதற்குள் காலைச் சாப்பாடும் மேலே போனது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள், மதியத்தோடு போய்விடுவாள். பிறகு ஐந்து மணி வரை ஃப்ளோரா தனியாகத்தான். ஐந்து மணிக்கு இமோஜன் கீழ்நடையில் தொங்கும் சிறு பித்தளை மணியை அடிப்பாள். பிறகு மேலே போய்க் கதவைத் திறப்பாள். வெள்ளைச் சட்டையோடு ஃப்ளோரா இறங்கி வருவாள்.

அந்த ஒரு மணி நேரம் இமோஜன் போனைத் தொட மாட்டாள். படம் பார்ப்பார்கள், பாடுவார்கள், கேக் தின்பார்கள். வெளியே இருந்து யாராவது பார்த்தால் கண்பட்டுப் போகும், அப்படி இருக்கும். என் தங்கை கெட்டவள் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருந்தாள். ஐந்திலிருந்து ஆறு வரை.

தொடக்கத்தில் ஃப்ளோரா கதவைத் தட்டினாள் என்பது எனக்குத் தெரிந்தது அந்தத் துணியால்தான். திரை அளவெடுக்க ஒருநாள் மேலே போயிருந்தேன். நடைப்பக்கம் கம்பளி புத்தம்புதிதாக இருந்தது. உள்பக்கம் போய்ப் பார்த்தால், என் இடுப்புக்குக் கீழே, துணி இரண்டு இடத்தில் மழுங்கிப்போய்ப் பளபளத்தது. வருஷக்கணக்கில் உட்கார்ந்த நாற்காலியில்தான் கம்பளி அப்படி ஆகும். குனிந்து என் கையைப் பொத்தி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என் கை பெரிதாக இருந்தது.

இமோஜனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் ஒரு கணம் வாடியது, நான் பார்த்தேன். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, பத்திரிகைக்காரர்கள் வருவதற்குள் ஆவி காட்டித் தூரிகையால் நிமிர்த்திவிடலாமா என்று கேட்டாள்.

"துணியப் பத்திக் கேக்காதடி. பிள்ளையப் பத்திப் பேசு. அவ கைய வச்சு குத்திருக்கா. எத்தன நாளு குத்துனா இப்பிடி ஆகும்?"

"அது ஆரம்பத்துலக்கா. இப்ப இல்ல. இப்ப சமத்தா இருக்கா."

"யாரு காதால கேட்டா? இங்கேருந்து ஒண்ணும் வெளிய கேக்காதே, உனக்கு எப்பிடித் தெரியும் அவ சமத்தா இருக்கான்னு?"

"உனக்கு ஒண்ணு இருந்திருந்தா தெரியும். பெத்தவளுக்குத் தெரியும்க்கா."

இதைச் சொல்லிவிட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்பது அத்துப்படி. நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சில வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

திரும்பப் போனபோது ஃப்ளோரா மாறியிருந்தாள். மாறினாள் என்றால், பார்க்கிறவர்கள் எல்லோரும் மெச்சும்படி மாறியிருந்தாள். பக்கத்து வீட்டம்மா, பிள்ளையை எங்காவது அனுப்பிவிட்டீர்களா, சத்தமே காணோமே என்று கேட்டாளாம். ஃப்ரேசர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அழுமூஞ்சியாக இருந்தவள் எப்படி ஆகிவிட்டாள் பாருங்கள் ஹெஸ்டர், நிம்மதியாக ஒரு வழக்குக் கட்டைப் படிக்க முடிகிறது என்றான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஜாம் தடவிய ரொட்டியோடு ஃப்ளோரா உட்கார்ந்திருந்தாள். கேட்டால் பதில் சொன்னாள். நன்றி சொன்னாள். ஒரு சிறு பெண் அவ்வளவு மரியாதையாக இருந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மா என்று ஓடிவந்து என் வயிற்றில் முட்டுவாளே, அது இல்லை.

அன்று தோட்டத்தில் அவளைக் குளவி கொட்டியது. நான் சற்றுத் தள்ளி ரோஜாக் கிளையை விலக்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால் பிள்ளை தன் புறங்கையைப் பார்த்தபடி நிற்கிறாள். குளவி இன்னும் அங்கேயே இருக்கிறது. வாயைப் பெரிதாகத் திறந்தாள். கண்ணை இறுக மூடினாள். தோள் குலுங்கியது. ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, மண்ணைத் தோண்டப் போய்விட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். கை வீங்கிக்கொண்டு வந்தது. வலிக்குதா என்றால் வலிக்குது என்றாள், மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப் போல.

அன்றைக்கு நான் விடவில்லை. இமோஜனைச் சமையலறையில் பிடித்து நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். தைரியமான பிள்ளை என்று ஆரம்பித்தாள். தைரியம் இல்லை, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, அந்தக் கதவைக் கழற்றாவிட்டால் நானே வந்து ஆணியைப் பிடுங்குவேன் என்றேன். குரல் உயர்ந்தது. அவளும் கத்தினாள், நானும் கத்தினேன். நடுவில் ஃப்ளோரா வாசலில் வந்து நின்று எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அதிசயமான எதையோ பார்ப்பவள் போல.

கடைசியில் சமாதானத்துக்கு வந்தாள். பத்திரிகையில் படம் வரும்வரை கதவு இருக்கட்டும், கழற்ற வேண்டாம். ஆனால் இனி மூடுவதில்லை. வார்ப்பிரும்பு எடைக்கல் ஒன்றை அண்டை கொடுத்து நாள் முழுக்கத் திறந்தே வைக்கிறேன் என்று சத்தியம் செய்தாள். சொன்னபடியே செய்தாள், நான் பார்த்தேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கதவு திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும்தான் நம்பினேன்.

படமெடுக்க வந்தது செப்டம்பரில். பத்திரிகையிலிருந்து நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஓர் அம்மாள், படக்காரர் ஒருவர், விளக்குகள், கம்பிக்கால்கள். காலையில் பிள்ளைகள் அறையை எடுத்தார்கள். ஃப்ளோராவை மரக்குதிரைமேல் உட்கார வைத்தார்கள். இப்படித் திரும்பு என்றால் திரும்பினாள், அசையாதே என்றால் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இப்படியொரு பிள்ளையைப் படமெடுத்ததில்லை என்று படக்காரர் சொன்னார். நரைத்தலை அம்மாள் பச்சைக் கதவைத் தடவிப் பார்த்து, இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டாள். இமோஜன் ஹாலம்கோட்டைப் பற்றிச் சொன்னாள். ஒரு மாளிகையைப் பார்த்துவிட்டு வந்தால் அதிலிருந்து நிறத்தை மட்டும் எடுக்கக் கூடாது, அவர்கள் வாழ்ந்த முறையையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றாள். அம்மாள் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஃப்ளோரா வழக்கம்போல மேலே போனாள். பார்த்துக்கொள்ளும் பெண் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினாள். கதவு திறந்திருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது, இரும்புக்கல் அண்டையாக. கீழே வந்து வரவேற்பறைத் திரையை நீவி விட்டேன். பிறகு எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள். வெளிச்சம் நன்றாக இருந்தது. வீட்டின் பின்பக்கத்தை எடுத்தார்கள், இமோஜனையும் ஃப்ரேசரையும் பெஞ்சியில் உட்கார வைத்து எடுத்தார்கள்.

நடுவில் இமோஜன் என்னைப் பார்த்து, போய் ஒரு காது கொடுத்துவிட்டு வா என்று சைகை காட்டினாள். மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்டேன். பின்னும் ஒரு தடவை போய்க் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. கதவு திறந்திருக்கிறது, சத்தம் இல்லை, அப்படியென்றால் தூங்குகிறாள். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? திரும்பிப் போய், தூங்குகிறாள் என்றேன். இமோஜனின் முகம் மலர்ந்தது.

ஐந்து மணிக்கு அவளே மணியை அடித்தாள். இதையும் படமெடுங்கள், பிள்ளை இறங்கி வருவது அழகாக இருக்கும் என்றாள். படக்காரர் படிக்கட்டின் கீழே தயாராக நின்றார். நாங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். ஃப்ளோரா வரவில்லை. அசந்து தூங்குகிறாள் போல என்று ஃப்ரேசர் சிரித்தான். நான் ஏறினேன். பாதிப் படியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

நடையின் வளைவைத் தாண்டியதும் அவளைப் பார்த்தேன். கதவு அகலத் திறந்திருந்தது. அவள் நிலைப்படிக்கு உள்பக்கம், ஒரு விரற்கடைகூட இப்பால் வராமல், தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். முகம் அதைவிட வெள்ளையாக இருந்தது. இடது கை மடியில் கிடந்தது. முழங்கைக்கு மேலே அது வளையக் கூடாத விதத்தில் வளைந்திருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது.

மண்டியிட்டு என்ன ஆச்சு என்று கேட்டேன். தோட்டத்தில் படம் எடுப்பதைப் பார்க்க ஜன்னல் கம்பியில் ஏறினாளாம். வழுக்கிப் பித்தளை அடைப்பின்மேல் விழுந்தாளாம். எல்லாம் மெதுவான குரலில், தெளிவாகச் சொன்னாள்.

"எப்ப விழுந்த கண்ணு?"

"அம்மாவும் அப்பாவும் பெஞ்சில உக்காந்தப்போ."

சாயங்கால வெயில் நடையில் சாய்ந்து கிடந்தது. அவர்கள் பெஞ்சியில் உட்கார்ந்தது உச்சிவெயிலில்.

"ஏன்டா கூப்பிடல? கதவு திறந்துதானே இருக்கு?"

நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு, மணியடித்துவிட்டதே, இப்போது நான் இந்தப் பக்கம் வரலாமா என்று கேட்டாள்.

ஹெரிஃபோர்ட் மருத்துவமனையில் எங்களை வரிசையில் காக்க வைக்கவில்லை. கையைப் பார்த்ததுமே உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். இமோஜன் படப்பிடிப்புக்குப் போட்ட பட்டுச் சட்டையோடு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஃப்ரேசர் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். டாக்டர் இளம்பெண். நிதானமானவள். மூட்டெலும்பு முறிந்து ரத்தக்குழாயை அழுத்துகிறது, விரல்களுக்கு ரத்தம் போகவில்லை, உடனே அறுவை செய்தாக வேண்டும் என்றாள். கை பிழைக்குமா என்று நான் கேட்டதற்கு, இத்தனை தாமதமாகிவிட்டதே, திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றாள். பிறகு இமோஜனிடம் திரும்பி, எப்போது நடந்தது என்று கேட்டாள்.

இமோஜன் வாயைத் திறந்தாள், மூடினாள். மதியம், என்றேன் நான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். மதியத்திலிருந்து இந்தக் கையோடு இந்தக் குழந்தை அழாமலா இருந்தது, வீட்டில் யாருக்கும் கேட்கவில்லையா என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தாதி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பிள்ளையை இனி எங்களோடு தனியாக விடப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. இமோஜனுக்கும் புரிந்தது.

அறுவைக்கு முன்னால் நரம்பு எங்கே அடிபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். டாக்டர் ஃப்ளோராவுக்கு நேராகக் குனிந்தாள். "இப்ப நான் தொடுவேன். வலிச்சா கத்திடு பாப்பா. எவ்ளோ சத்தமா வேணாலும் கத்தலாம். இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தொட்டாள். ஃப்ளோராவின் வாய் அகலத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கண்ணோரம் நீர் வழிந்தது. கத்திக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு முழுவதும் கத்திக்கொண்டிருந்தது. அந்த அறையில் மேலே விசிறி ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. டாக்டர் கையை எடுத்துவிட்டாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"சத்தமா கத்து தங்கம்" என்றாள் இமோஜன். "அம்மாவுக்குக் கேக்கணும்ல. கத்தும்மா. முன்னெல்லாம் கத்துவியே. ஒரே ஒரு தடவ, அம்மாவுக்காகக் கத்து."

ஃப்ளோரா வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

அப்போது என் தங்கை கத்தினாள். அப்படியொரு சத்தத்தை நான் எந்த மனித வாயிலிருந்தும் கேட்டதில்லை. தாதி திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். நடையில் காலடிகள் தடதடத்தன. திரையை விலக்கிக்கொண்டு இரண்டு மூன்று பேர் ஓடி வந்து நின்றார்கள். வண்டியை நிறுத்திவிட்டு வந்த ஃப்ரேசரும் அவர்களுக்குப் பின்னால் நின்றான். இமோஜன் நிறுத்தவில்லை.

ஃப்ளோரா வந்து நின்றவர்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல கையை உயர்த்தி, மெதுவாக, அம்மாவின் வாயைப் பொத்தினாள். அவளுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது.

"கத்தாதம்மா" என்றாள். "தொண்டதான் வலிக்கும். யாருக்கும் கேக்காது."